மலை இறங்கச் சொல்கிறது, இறங்க இடமில்லை

காலநிலை மாற்றம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலும் துருவப் பனி உருகும், மாலைதீவு மூழ்கும். ஹட்டனில் கடை வைத்திருக்கும் எனக்கு அது மண்சரிவாகத்தான் தெரிகிறது. மழை எங்களுக்குப் புதிதல்ல. வாரக்கணக்கில் தூறிக்கொண்டிருக்க வேண்டியது இரண்டு நாளில் கொட்டித் தீர்ப்பதுதான் புதிது. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது சுமார் 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகம். அந்த நீர் எங்காவது இறங்கியே ஆக வேண்டும்.

இறங்குகிற இடம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். கோப்பி நோயில் அழிய, தேயிலை வந்தது. பெருமரங்களின் ஆழமான வேர் போன சரிவில் மண்ணைக் காத்தது கான்கள். மழைநீரைச் சரிவுக்குக் குறுக்கே வாங்கி ஓடைக்குக் கொண்டுபோய் விடும் வெட்டு அது. கான் வெட்டுவது தோட்டத்தில் ஆண்களின் நிரந்தர வேலையாக இருந்தது. ஆள் குறையக் குறைய அந்த வேலையும் குறைந்தது. தூர்ந்த கானில் நிற்கிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது, உள்ளே கனம் ஏறுகிறது, ஒரு நாள் மலை வழுக்குகிறது.

இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிரு, 100ஐத் தாண்டினால் ஆயத்தமாகு, 150ஐத் தாண்டினால் வெளியேறு. கொஸ்லாந்தை மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை போயிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தப்பி, திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. பதினொரு வருஷம் கழித்து, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பகுதியினர் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்.

கடைக்கு வரும் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம் கேட்டேன்: "சிவப்பு எச்சரிக்கைன்னா ஏன் அக்கா அங்கேயே இருக்கீங்க?" அவர் சொன்னார்: "போ போன்னு சொல்றாங்க நானா. எங்க போறதுன்னு யாரு சொல்றாங்க? பள்ளிக்கூடத்துல பத்து நாளு இருந்துட்டு திரும்ப அதே காம்பராவுக்குத்தானே வரணும்."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, லயத்தில் இருக்கிறவருக்கு எதுவுமில்லை. பிரதேச சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை ஆனது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து 10,000 வீடுகள் என்றார், மைதானம் கைதட்டியது. வீடு கட்டப் பாதுகாப்பான காணி வேண்டும், காணியைப் பிரித்துக் கொடுக்கக் கையெழுத்து வேண்டும். கம்பனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் குத்தகைப் பத்திரத்தைக் காட்டும். சனத்துக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? அந்த ஆத்திரத்தில் 'காலநிலை' என்ற சொல்லே வராது. 'காணி' என்றுதான் கேட்பார்கள். அதனால்தான் கொழும்பில் நடக்கும் சூழல் மாநாடுகளுக்கு இது கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

அரசால் வேகமாகச் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியில் தடை செய்தார்கள். அதே ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் ஜனாதிபதி அதைப் பெருமையாகச் சொன்னார், அந்த மாதமே தடை தளர்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியாகச் சரிந்தது. கிலோ குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். சம்பளம் பாதியானால் எங்கள் கடன் கொப்பியில் பக்கம் கூடும். ஹட்டன் முஸ்லிம் வியாபாரம் தேயிலைக் கொழுந்தில் தொங்குகிறது என்பதை நம்மில் பலர் அன்றுதான் கணக்குப் பார்த்தோம். சரிவு வந்தால் பள்ளிவாசலில் சோறாக்கிக் கொடுக்கிறோம், நல்ல காரியம். காணிக் கோரிக்கைக்கு நமது அமைப்புகள் குரல் கொடுத்து நான் கேட்டது மிகக் குறைவு. மழை ஒன்றும் எங்களோடு நிற்பதில்லை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் இருக்கும் ஆறுகள் இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை. இங்கே பெய்வது கொழும்பில் வெள்ளமாகிறது.

உலக அரங்கில் 2022இல் எகிப்தின் ஷார்ம் அல்-ஷேக்கில், காலநிலையால் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதியம் அமைக்க இணங்கினார்கள், மறு வருஷம் துபாயில் அது தொடங்கியது. புகையில் மிகச் சிறிய பங்கே உள்ள இலங்கை அதில் கேட்பது நியாயம். கேட்கிறபோது இழப்பு யாருடையது என்று எழுத வேண்டி வரும். புதைந்த காம்பரா கணக்கில் தோட்டத்தின் சொத்து. ஐந்து தலைமுறையாக அதில் இருந்தவருக்கு உறுதி இல்லை, பல இடங்களில் தனி விலாசமும் இல்லை, கடிதம்கூடத் தோட்ட ஒபிஸ் வழியாகத்தான் வருகிறது. படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கோட்டுக்கு மேல் அந்த அக்கா எதை எழுதுவார்?