வேட்டை அம்பும் நம்ம வி-பிளாக்கும்

வில், அம்பு என்றாலே நமக்கு இராமரும் ஏகலைவனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் அமெரிக்காவில் இன்றைக்கும் இலையுதிர் காலம் வந்துவிட்டால் லட்சக்கணக்கானோர் வில்லைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 1934-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. மற்ற மாநிலங்களும் பிறகு அந்த வழியில் வந்தன. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. ஆகவே நண்பர்களே, வேட்டையை அவர்களிடமே விட்டுவிட்டு, அந்த அம்புக்குள் இருக்கும் மெட்ராலஜியை மட்டும் நாம் பார்ப்போம்.

பிராட்ஹெட் என்பது என்ன?

பயிற்சிக்குப் போடும் முனை துப்பாக்கித் தோட்டா மாதிரி வழவழப்பாக இருக்கும். வேட்டைக்குப் போடும் முனைதான் பிராட்ஹெட். இதில் சவரக் கத்தி போன்ற 2, 3 அல்லது 4 பிளேடுகள் இருக்கும். பொதுவாக எடை 100 அல்லது 125 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம், அதாவது 100 கிரெய்ன் என்றால் சுமார் ஆறரை கிராம்தான்.

தோட்டாவுக்குத் தாக்கும் சக்தி அதிகம். அம்புக்கு அந்த சக்தி கிடையாது. நுரையீரலையோ இதயத்தையோ வெட்டினால்தான் மான் சீக்கிரம் விழும். நாலு விரற்கடை தள்ளிப் பட்டால்? காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நாள் கணக்கில் துடித்துச் சாகும். ஆகவே முனையை நேராக மாட்டுவது அழகுக்காக அல்ல.

ஏன் விலகிப் போகிறது?

அம்பின் பின்னால் இருக்கும் இறகுகள் அதை நேராக வைக்கப் பார்க்கும். முன்னால் இருக்கும் பிளேடுகளோ குட்டி இறக்கைகள் மாதிரி. முனை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று படித்திருக்கிறோம் அல்லவா? இன்றைய காம்பவுண்ட் வில்லில் அம்பு வினாடிக்கு 80 மீட்டர் அளவுக்குப் போகும். பயிற்சி முனையில் ஒரே இடத்தில் விழுந்த அம்பு, அதே எடையுள்ள பிராட்ஹெட்டில் வேறிடத்தில் விழுவதன் ரகசியம் இதுதான்.

இறுக்குவது வேறு, நிறுத்துவது வேறு

கார்பன் அல்லது அலுமினியக் குழாய்தான் அம்புத்தண்டு. அதன் வாயில் இன்செர்ட் என்ற சிறு துண்டை ஒட்டுவார்கள். அதில்தான் முனையைத் திருகுவது. வழக்கமான திருகு 8-32. அதாவது விட்டம் 0.164 அங்குலம், அங்குலத்துக்கு 32 மரை.

மரை இறுக்கும், ஆனால் மையப்படுத்தாது. மரையில் க்ளியரன்ஸ் இருக்கிறதே! மையப்படுத்துவது மரைக்குப் பின்னால் உள்ள வழவழப்பான பைலட்டும், தட்டையான ஷோல்டரும்தான். ஜிக்ஸ் அண்ட் ஃபிக்ஸ்சர்ஸ் பாடத்தில் லொக்கேட்டிங் வேறு, கிளாம்பிங் வேறு என்று படித்தோமே, அதேதான்.

ஒரு கணக்கு போடுவோம். தண்டின் விட்டம் 7.5 மி.மீ. ஷோல்டர் உட்காரும் முகப்பு ஒரு ஓரத்தில் 0.1 மி.மீ. உயர்ந்திருக்கிறது. முனையின் நீளம் 40 மி.மீ. என்றால் நுனி எவ்வளவு விலகும்? 0.1 × 40 ÷ 7.5 = 0.53 மி.மீ. சுழற்றினால் டயல் கேஜ் அதன் இரண்டு மடங்கைக் காட்டும்: ஒரு மில்லிமீட்டருக்கும் மேல்! ஒரு தாள் கனம் தப்பினால் இவ்வளவு வினை.

செய்முறை

1. தண்டை வேகமாகச் சுழலும் அப்ரேசிவ் வீலில் வெட்ட வேண்டும். ஹாக்ஸா போட்டால் கார்பன் இழை பிளக்கும். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி அவசியம்.

2. வெட்டிய முகப்பைத் தண்டுக்குச் செங்குத்தாகத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

3. உட்புறத்தைத் துடைத்து, பசை தடவி, இன்செர்ட்டைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். அப்போதுதான் பசை சுற்றிலும் சமமாகப் பரவும். காய்ந்த பிறகு இன்செர்ட்டின் முகப்பையும் லேசாகத் தேய்த்துவிட வேண்டும்.

4. முனையைத் திருக அதற்கென்று உள்ள ரெஞ்ச் வேண்டும். வெறும் கையில் திருகினால் விரல் போச்சு! ஷோல்டருக்கும் இன்செர்ட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக்கூடாது.

5. தண்டை இரண்டு ஜோடி உருளைகள் மேல் வைத்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நம் லேபில் என்றால் இரண்டு வி-பிளாக், ஒரு டயல் கேஜ் போதும். கேஜின் முள்ளைப் பிளேடில் வைக்கக்கூடாது. உருண்டையான உடல் பகுதியில்தான் வைக்க வேண்டும்.

6. ஆடினால் வேறொரு முனையை மாட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் குற்றம் பழைய முனையில். நிற்காவிட்டால் தண்டிலோ இன்செர்ட்டிலோ. அப்போது தண்டை மட்டும் தனியே சுழற்றினால் எது என்று தெரிந்துவிடும்.

பிளேடும் இறகும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அம்பு நேராகப் போகும் என்று பல வேட்டைக்காரர்கள் நம்புகிறார்கள். நாலு பிளேடையும் மூன்று இறகையும் எப்படி ஒரே கோட்டில் வைப்பது? வேண்டியது அச்சு ஒன்றாக இருப்பதுதான்.

கடைசிப் பரீட்சை களத்தில். சுழற்சியில் தேறிய அம்பையும் அதே முனையோடு இலக்குப் பலகையில் எய்து பார்த்து, பிளேடை மாற்றிய பிறகே காட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

லேபில் டயல் கேஜ் அரை மில்லிமீட்டர் காட்டினால் "பரவாயில்லைப்பா" என்று ரெக்கார்டு நோட்டை மூடிவிடுகிறோம். அந்த அரை மில்லிமீட்டருக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் நாமல்ல, எதிரே இருக்கும் உயிர்தான். அம்புக்கு மட்டுமல்ல, நாளைக்கு நாம் மாட்டப்போகும் பேரிங்குக்கும் பிரேக்குக்கும் இது பொருந்தும்.