மூடுபனி பிறக்கும் வழிகள்

முன்னுரை

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தபோது, அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே சூட்டினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. எனினும் புல்நுனியில் அரும்பும் துளியையும், மலைமுகட்டை மறைக்கும் வெண்திரையையும், இமயத்தில் பொழியும் வெண்துகளையும் ‘பனி’ என்னும் ஒரு சொல்லாலேயே நாம் வழங்கி வருகின்றோம். இம்மூன்றும் வேறுவேறானவை. இவற்றுள் வழியை மறைக்கும் மூடுபனி எவ்வாறு தோன்றுகின்றது என்பதனை ஈண்டுக் காண்போம்.

மூடுபனி யாது?

நிலத்தைத் தொட்டு நிற்கும் மேகமே மூடுபனி. பார்வை எட்டும் தொலைவு 1000 மீட்டருக்குக் குறையின் அதனை மூடுபனி என வானிலை அறிஞர் வரையறுப்பர்.

காற்று கொள்ளத்தக்க நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கனமீட்டர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளும்; 20 பாகையில் 17 கிராமும், 10 பாகையில் 9 கிராமுமே கொள்ளும். காற்றுக் குளிரக் குளிர, எல்லை கடந்த நீராவி தூசு, புகை, கடலுப்பு ஆகியவற்றின் நுண்துகள்களைப் பற்றி நீர்த்துளியாகின்றது. புல்லில் படிந்தால் அது பனித்துளி. காற்றில் மிதந்தால் மூடுபனி. ஆகவே, காற்றுக் குளிர்தல், காற்றில் ஈரம் மிகுதல் என்னும் இரண்டுமே மூடுபனிக்கு அடிப்படையாம்.

குளிர்ச்சியால் பிறப்பவை

முதலாவது, நிலம் குளிர்வதால் உண்டாவது. முகிலற்ற நீண்ட இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கின்றது. அதனைத் தொட்ட காற்றும் குளிர்கின்றது. காற்று அறவே அசையாதிருப்பின் பனித்துளியே மிகும். வன்மையாக வீசின் மூடுபனி கலையும். மெல்லென அசையின் அது செழிக்கும். திசம்பர், சனவரித் திங்களில் கங்கைச் சமவெளியில் இரயில்களையும் வானூர்திகளையும் காலந்தாழ்த்தும் மூடுபனி பெரும்பாலும் இவ்வகையினதே.

இரண்டாவது, ஈரக்காற்று குளிர்ந்த பரப்பின்மீது பெயர்ந்து செல்வதால் உண்டாவது. நியூபவுண்டுலாந்தின் அருகே வெப்பமான வளைகுடா நீரோட்டமும் குளிர்ந்த இலாபிரடார் நீரோட்டமும் அண்மித்து ஓடுகின்றன. வெப்ப நீரின்மேல் ஈரம் கொண்ட காற்று குளிர்நீரின்மேல் வந்ததும் கடலே மறைந்துவிடுகின்றது. சான்பிரான்சிசுகோ நகரம் கோடையில் மூடுபனி போர்ப்பதும் கடலடியிலிருந்து மேலெழும் குளிர்நீரால்தான்.

மூன்றாவது, மலைச்சரிவில் ஏறும் காற்றால் உண்டாவது. மேலேறும் காற்று விரிந்து, 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குளிர்கின்றது. கொடைக்கானலிலும் உதகையிலும் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. அடிவாரத்தில் நிற்பார்க்கு மேகமாகத் தோன்றுவது, மலைமேல் நடப்பார்க்கு மூடுபனியாகின்றது.

ஈரத்தால் பிறப்பவை

குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான நீரின்மேல் நிற்கையில், நீரிலிருந்து எழும் ஆவி உடனே துளியாகிப் புகைபோல் தோன்றும். மார்கழி விடியலில் குளங்கள் புகைவது இதனாலேயே. மழைத்துளிகள் கீழுள்ள குளிர்காற்றில் ஆவியாகி, அதனை ஈரத்தால் நிறைப்பதாலும் மூடுபனி தோன்றுவதுண்டு.

உயிர் கவரும் திரை

அழகிய இவ்வெண்திரை கொடியதும் ஆகும். 1952 திசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனில் மூடுபனியோடு நிலக்கரிப் புகை கலந்து தேங்கியது. மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றமையால் நச்சுப்புகை மேலெழ இயலவில்லை. ஏறத்தாழ 4000 பேர் மாண்டனர் என அன்று கணித்தனர். பிற்கால ஆய்வோ 12,000 வரை எனக் கூறிற்று. இதன் விளைவாக 1956-இல் அங்குத் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1977 மார்ச் 27-இல் தெனரீப் தீவின் மலைசூழ் வானூர்தி நிலையத்தில், தவழ்ந்து வந்த முகில் ஓடுதளத்தை மறைத்தது. பிழைபட உணரப்பட்ட வானொலிச் செய்திகளும் சேர, இரு பெரும் வானூர்திகள் மோதி 583 உயிர்கள் அழிந்தன.

முடிவுரை

பிறப்பை அறிந்தால் மறைவையும் உணரலாம். நிலம் குளிர்ந்து பிறந்த மூடுபனி, ஞாயிறு நிலத்தைச் சுடச்சுடக் கலையும். கடற்பனி காற்றுத் திசைமாறும்வரை நாள்கணக்கிலும் நீடிக்கும். மலைப்பனியோ நொடியில் வந்து சூழும். மூடுபனியில் ஊர்தியின் உயர்விளக்கு, துளிகளிற்பட்டு நம் கண்ணையே கூசச் செய்யும். தாழ்விளக்கும் தணிந்த விரைவுமே தக்கன. பத்தடி தொலைவு தெரியாத பாதையில் சற்றே நின்று செல்வது அச்சமன்று, அறிவுடைமையே.