கோட்டையின் கழுத்து

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடந்துதான் போகிறோம். மான்கள் நிற்கும், பிள்ளைகள் அவற்றைச் சுற்றுவார்கள், கால்கள் தாமாகச் சுவாமி மலையை நோக்கி நடக்கும். இன்றைக்கு மட்டும் நடக்காதீர்கள்! வாசலிலேயே நில்லுங்கள். ஒரு கோட்டையை எப்படிப் பிடிப்பார்கள் என்ற இரகசியம் இங்கேதான் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் கல். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, பிறகு அந்தக் கற்களைக் கொண்டே இங்கே கோட்டை எழுப்பினார்கள். குளக்கோட்டன் பெயர் சொல்லும் கல்வெட்டும் மீன் சின்னமும் வாசலில் இன்றும் இருக்கின்றன. தெய்வத்துக்காகச் செதுக்கிய கல் குண்டடிக்கு மார்பு காட்டி நின்றிருக்கிறது. நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

இனி நிலத்தைப் பாருங்கள். கடலுக்குள் நீட்டிய தலை இந்த மலை. மூன்று பக்கமும் கடல், முனையில் செங்குத்துப் பாறை. ஊரோடு ஒட்டியிருப்பது ஒடுங்கிய கழுத்து ஒன்றுதான். அந்தக் கழுத்துக்குக் குறுக்கே மதிலும் கொத்தளமும் வைத்தால் போதும். நம் பழைய இலக்கணம் மதிலைச் சூழ்வதற்கு உழிஞை என்றும் காப்பதற்கு நொச்சி என்றும் பூவின் பெயரை வைத்தது. இங்கே நொச்சி சூடியவனுக்குக் கடலே அகழி!

அப்படியானால் எப்படி விழுந்தது? 1795 ஆகஸ்டுக்கு வாருங்கள். உள்ளே, போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர். வெளியே பிரித்தானியர்: கர்னல் ஸ்டூவர்ட்டின் படையும் ரெய்னியரின் கப்பல்களும். ஆகஸ்ட் 2ஆம் திகதி கரைக்காற்றை எதிர்த்து வந்த ‘டயோமீட்’ என்ற போர்க்கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள். மறுநாள் படை கோட்டைக்கு வடக்கே, பீரங்கி எட்டாத தூரத்தில் இறங்கியது. பிறகுதான் உண்மையான பாடு. அலையும் காற்றும் விடவில்லை. தளபாடங்களை இறக்கி முடிக்கவே பத்து நாள் போல ஆயிற்று. ஒவ்வொரு பீரங்கியையும் மணலில் இழுக்க வேண்டும். சக்கரம் புதையப் புதைய இழுத்தவர்களின் தோள்களை நினைத்துப் பாருங்கள்!

18ஆம் திகதி மண்வெட்டி இறங்கியது. முற்றுகையின் நாயகன் வாளல்ல, மண்வெட்டிதான். பதுங்குகுழியை நேராக வெட்டினால் மதிலிலிருந்து வரும் ஒரே குண்டு வரிசையாக எல்லோரையும் சாய்த்துவிடும். அதனால் வளைத்து வளைத்து, பாம்பு ஊர்வதுபோல வெட்டுவார்கள். மண் நிரப்பிய கூடைகள் மறைப்பு. அருகே வந்ததும் பீரங்கி மேடை. பிறகு மதிலில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடி. 26ஆம் திகதி மதில் உடைந்து வழி திறந்தது. சரணடையச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் கேட்ட நிபந்தனைகளைப் பிரித்தானியர் ஏற்கவில்லை. பீரங்கி மறுபடி முழங்கிய சில நிமிடங்களில் வெள்ளைக்கொடி! அந்தக்கால யுத்த வழக்கு அப்படி: உடைப்பு விழுந்த பிறகும் பிடிவாதம் பிடித்தால், ஏறி வருகிறவன் இரக்கம் காட்டக் கடமைப்பட்டவன் அல்லன்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1782. ஒரே ஆண்டில் இரண்டு தடவை கைமாறியது இந்தக் கோட்டை! ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ் வந்தார். ஒல்லாந்த அதிகாரி சரண் நிபந்தனைகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடற்படை வீரர்கள் வாசலுக்குள் புகுந்துவிட்டார்கள். துறைமுக வாயிலைக் காக்கும் ஒஸ்தன்பேர்க் கோட்டையும் 11ஆம் திகதி போயிற்று. ஆகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் வந்தார். அவருக்கு எதிரி மதில் அல்ல, நாட்காட்டி. ஹியூஸ் கடலில் வந்துகொண்டிருக்கிறார். 25ஆம் திகதி நங்கூரம், உடனே படையும் பீரங்கியும் கரையில். உள்ளே இருந்தவர்கள் கேட்ட கௌரவமான நிபந்தனைகளைத் தாராளமாக ஒப்புக்கொண்டார். 30ஆம் திகதி இந்தக் கோட்டை, 31ஆம் திகதி ஒஸ்தன்பேர்க். செப்டெம்பர் 2ஆம் திகதி வந்த ஹியூஸ் மறுநாள் எட்டிப் பார்த்தபோது மேலே பறந்தது பிரெஞ்சுக் கொடி!

இத்தனை படைகளில் எதுவும் அந்தச் செங்குத்துப் பாறையில் ஏறி உள்ளே வரவில்லை. இங்கே வந்தவர்கள் கழுத்தைத்தான் தேடினார்கள்.

ஒஸ்தன்பேர்க் இப்போது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டையிலும் இராணுவம்தான். ஆனால் கோயில் பாதை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அடுத்தமுறை கும்பிடப் போகும்போது வாசலைத் தாண்டியதும் ஒருதரம் திரும்பி, ஊர்ப் பக்கம் பாருங்கள். மதிலை உடைத்த பீரங்கிகள் அந்தப் பக்கமிருந்துதான் வந்தன.