வாடி அடுப்பில் ஓர் இராச்சாப்பாடு

திருகோணமலைக் கரையில் கச்சான் காற்று எழும்பினால் கடலுக்குப் போகிறவருக்கு நிம்மதி. கரையில் சமைக்கிறவருக்குத் தலையிடி. தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அந்த வரண்ட காற்று கரையோர அலையை எழவிடாது. ஆனால் அடுப்பு நெருப்பையும் நிற்க விடாது. சோற்றுப் பானைக்குள் மணலையும் அள்ளிப் போடும்.

நிலாவெளிக்கு வடக்கேயுள்ள ஒரு வாடியில் கடந்த பருவத்தில் நாம் இரண்டு நாள் தங்கியிருந்தோம். கூலித் தொழிலாளரின் கடன் சுமையைப் பற்றிக் கேட்டறிவதே எமது நோக்கம். கேட்டறிந்ததில் பெரும்பகுதி அடுப்படியிலேதான் கிடைத்தது.

வாடி என்பது கிடுகும் தகரமும் கொண்டு கரையில் போடும் தற்காலிகக் குடில். தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்கு, தெற்குக் கடல்கள் கொந்தளிக்கும் மாதங்களில் அப்பகுதித் தொழிலாளர் கிழக்குக்கு வந்து வாடி போடுவது நீண்டகால வழக்கம். வாடைக்காற்று தொடங்குமுன் திரும்பிவிடுவர். 1983க்குப் பின் போர் இந்தப் போக்குவரவைப் பெரிதும் முடக்கியது. 2009இல் போர் முடிந்த பின்னர் அவர்கள் மீண்டும் வருகின்றனர்.

நாம் தங்கிய வாடியில் பன்னிரண்டு பேர். கோக்கி மாத்தறைப் பக்கத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அடுப்பு மூன்று கல்தான். ஆனால் ஒரு முழ ஆழத்துக்கு மணலைத் தோண்டி, குழிக்குள் வைத்திருந்தார். கச்சான் அதன் மேலாகப் போய்விடும்.

“பாதர், அந்தப் பக்கம் புகை, இங்க இருங்க” என்று கவிழ்த்த வாளியொன்றைக் காட்டினார்.

அன்று அவர் சமைத்தது தென்பகுதிக் கரையோரத்தாரின் பெயர்பெற்ற கறியான அம்புல் தியல். சூரை மீனை இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டினார். ஊறவைத்த கொறுக்காய்ப்புளியை மிளகு, உப்புச் சேர்த்து விழுதாக அரைத்து, ஒவ்வொரு துண்டிலும் பூசினார். மண்சட்டியின் அடியில் கறிவேப்பிலை, இரம்பை, ஒரு துண்டு கறுவாப்பட்டை. அதன்மேல் மீன் ஒரே அடுக்காக. ஒரு சிரட்டைத் தண்ணீர் மட்டும். மெல்லிய நெருப்பில் தண்ணீர் வற்றி வரும்போது மூடியின் மேலும் தணலை அள்ளி வைத்தார். அகப்பை போடவேயில்லை; போட்டால் மீன் உடைந்துவிடுமாம். முடிவில் கறுத்து, உலர்ந்து, மீன் துண்டு கல்லுப்போல் நின்றது. வாயில் வைத்தால் புளிப்பும் உறைப்பும் ஒன்றாக ஏறும். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கொஞ்சம் தேங்காய்ச் சம்பல். பகல் முழுவதும் வலை இழுத்த மனிதர் அந்தச் சோற்றைச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்தாலே பசி வரும்!

இந்தக் கறிக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம். புளியின் அமிலமும் உப்பும் ஈரமின்மையும் சேர்ந்து சில நாட்களுக்குப் பழுதாகாமல் வைத்திருக்கும். ஆயினும் ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். சூரை, கெளவல்லை போன்ற மீன்களை வெயிலில் கிடக்க விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். முகம் சிவத்தல், தடிப்பு, தலையிடி, வாந்தி இதனால் வருபவை. எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. புளியும் அதை மாற்றாது. ஆகவே மீனைப் பிடித்தவுடனே ஐஸில் இட வேண்டும். ஐஸ் விலையைப் பார்த்துச் சாப்பாட்டு மீனை வெளியே போடும் பழக்கம் பல வாடிகளில் உண்டு. கோக்கி அப்படிக் கிடந்த இரண்டு மீனை வீசிவிட்டதை நாமே கண்டோம்.

எமது வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். வெளியிலிருந்து வருவோர் கரையைப் பிடிப்பதும், சிலர் தடைசெய்த வலைகளைப் பாவிப்பதும் இக்கரைத் தமிழ், முஸ்லிம் கடற்றொழிலாளரின் நெடுநாள் முறைப்பாடு. அது நியாயமானது என்பதே எமது கருத்தும். ஒரு தட்டுச் சோறு அதற்குத் தீர்வாகாது. ஆனால் படகும் வலையும் யாருடையவை, கூலிக்கு இழுப்பவர் யார் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா? அன்று மாலை அயற்கிராமத்துத் தமிழ்ப் பெண்ணொருவர் முருங்கையிலை கொண்டுவந்து கொடுத்து மீன் வாங்கிப் போனார். “நாங்க பழப்புளிதான் விடுவம், இந்தக் கறுப்புக் கறி எங்களுக்குச் சரிவராது” என்று சிரித்தார். கோக்கியும் விடவில்லை: “பழப்புளி விட்டா நாளைக்கே பழுதாகும், அக்கா.”

சாப்பாடு முடிந்ததும் பேச்சுக் கணக்குக்குத் திரும்பியது. எரிபொருள், ஐஸ், சாப்பாடு ஆகிய செலவுகளைக் கழித்த பின்னரே மிச்சம் பங்கிடப்படும். 2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, அந்த ஏற்றத்தின் பாரம் கூலித் தொழிலாளரின் பங்கிலும் விழுந்தது. எண்ணெய் விலை ஊரறிந்தது. சாப்பாட்டுச் செலவோ முதலாளியின் கொப்பியில் மட்டும் இருப்பது.

“தேங்காய் விலைக்குப் பயந்துதான் பாதர், நான் அடிக்கடி தியல் வைக்கிறது” என்றார் கோக்கி. பிறகு ரோர்ச் லைற்றை அடித்துக் குடிலின் நடுக்கம்பைக் காட்டினார். கரிக்கட்டியால் போட்ட கோடுகள். உடைத்த தேங்காய் ஒன்றுக்கு ஒரு கோடு. அந்த மாதத்துக்குப் பதினான்கு. கொப்பியில் முப்பது என்று இருப்பதாக எழுத்து வாசிக்கத் தெரிந்த பொடியன் ஒருவன் சொன்னான்.

கோடுகளை நாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அரிசிக்கும் சீனிக்கும் அப்படிக் கோடு போடலாமே என்றோம். கம்பில் இடம் போதாது என்றார்.

மறுநாள் கணக்குப் பார்க்க முதலாளி வந்தபோது பன்னிரண்டு பேரும் கம்பைச் சுற்றி நின்றனர். அவர் எம்மைப் பார்த்தார், கோடுகளை எண்ணினார். ஒன்றும் பேசாமல் முப்பதை வெட்டி இருபது என்று எழுதினார்.

நாம் புறப்படும்போது கோக்கி இரண்டு துண்டுத் தியலை வாழையிலையில் சுற்றித் தந்தார். இன்னொரு கம்பு நடுவதற்கு மணலில் குழி தோண்டியிருந்தது.