டவர் குழியும் முதுமக்கள் தாழியும்

தூத்துக்குடி மாவட்டத்தில் அனல் மின் நிலையங்களோடு காற்றாலைகளும் சூரிய மின் பண்ணைகளும் பெருகிவிட்டன. அந்த மின்சாரத்தை வெளியூருக்குக் கொண்டுபோகும் டவர் லைன்களும் கூடவே வருகின்றன. ஒரு டவருக்கு நான்கு கால்கள். ஒவ்வொரு காலுக்கும் தோண்டும் குழி மூன்று மீட்டர் ஆழம் வரை போகும். தாமிரபரணிக் கரைப் பரம்புகளில், அதாவது மேட்டு நிலங்களில், இறந்தோரை வைத்துப் புதைத்த தாழிகள் பல அதைவிட மேலேயே புதைந்திருக்கின்றன. ஜேசிபிக்குத் தாழியும் தெரியாது, பானை ஓடும் தெரியாது.

அந்தக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர் 1876 முதல் பல கட்டங்களாகத் தோண்டப்பட்டு வருகிறது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். அதே மாவட்டத்துச் சிவகளை வெளியுலகுக்குத் தெரிய வந்தது சமீபத்தில்தான். அங்கே பரம்பில் தாழிகள் இருப்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் உள்ளூர் ஆசிரியர் ஒருவர். 2020-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. தாழியில் இருந்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்றும், இரும்புப் பொருட்களோடு கிடைத்த கரிக்குக் கி.மு. 3345 என்றும் ஆய்வகக் கணிப்புகள் வந்தன. அந்த ஆசிரியர் கவனிப்பதற்கு முன்பே அந்தப் பரம்பில் டவர் நின்றிருந்தால்? முத்துக்குப் பேர்போன கொற்கையைச் சுற்றியும் இதே நிலைதான். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துத் தேரிகளிலோ விரல் நகம் அளவுள்ள கற்கருவிகள் செம்மணலில் கிடக்கின்றன. பார்த்துப் பழகாதவருக்கு அவை வெறும் சல்லி.

சட்டம் எங்கே நிற்கிறது? மத்தியப் பாதுகாப்பில் உள்ள இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இது நினைவுச் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தம் தந்த பாதுகாப்பு. அதே திருத்தம், பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கி விநியோகிக்கும் பணிகளைக் ‘கட்டுமானம்’ என்ற விளக்கத்திலிருந்து விலக்கியும் வைத்திருக்கிறது. உயர் அழுத்தத் தடம் அந்த விலக்குக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. என் கணக்கில் வரக்கூடாது. அறிவிக்கப்படாத நிலத்துக்கு இந்தப் பாதுகாப்பும் கிடையாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் (2006) பட்டியலில் மின் தடங்கள் இல்லாததால், பொதுக் கருத்துக் கேட்பும் நடக்காது. ஐரோப்பிய நாடுகள் 1992-லேயே வாலெட்டாவில் ஒப்பந்தம் போட்டு, தோண்டுவதற்கு முன் ஆய்வு, செலவு திட்டக்காரருடையது என்ற முறைக்கு வந்துவிட்டன. இங்கே உலக வங்கி போன்ற அமைப்புகளின் கடனில் நடக்கும் திட்டங்களில், தொல்பொருள் தட்டுப்பட்டால் அங்கே வேலையை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எனவே உங்கள் ஊர் வழியாக வரும் லைனுக்குப் பணம் யாருடையது என்று விசாரியுங்கள்.

மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் அதிகாரம் பெற்ற நிறுவனம், நில உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் கலெக்டர் உத்தரவோடு டவர் நடலாம். ‘முடியாது’ என்று வரப்பில் நின்று மறிப்பதால் பலன் குறைவு. டவரை எங்கே தள்ளி நடலாம் என்று சொல்வதற்குத்தான் இடம் இருக்கிறது. டவர் இடங்களின் சர்வே எண் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பானை ஓடு, தாழி விளிம்பு, இரும்புக் கசடு, அறுத்த சங்குத் துண்டு எது தென்பட்டாலும், எடுக்காமல், கிடக்கும் இடத்திலேயே படம் பிடியுங்கள். அந்தப் படங்களோடு கலெக்டருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. ஆதிச்சநல்லூர் ஆய்வு தொடரக் கோரிய பொதுநல வழக்கையும் அதுதான் விசாரித்தது.

“தாழி கெடந்துச்சுன்னு சொன்னா நெலத்தப் புடுங்கிருவாங்க” என்ற பயம் பரவலாக உண்டு. தகவல் சொன்னதால் மட்டும் பட்டா போய்விடாது. மத்திய அரசு ஓரிடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பதற்கு முன் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தர வேண்டும். மறைப்பதுதான் ஆபத்து. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறை உண்டு. கண்டெடுத்தவருக்கு அந்தச் சட்டம் தரும் பங்கும் போய்விடும்.

உங்கள் நிலத்தில் அளவுக்கல் நட்ட அன்றே மனு கொடுத்துவிடுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு இழப்பீட்டைப் பற்றி மட்டுமே பேச முடியும்.