ஆயிரம் பேர் ஊருக்கு எத்தனை ஊசி?

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காட்டோர ஊர்களில் மனிதர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். உண்ணி கடித்துப் பரவும் அந்த வைரஸ் நோய்க்கு ஊர்மக்கள் வைத்த பெயர் குரங்குக் காய்ச்சல். நோய் கண்டவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டு மாவட்டங்களின் நோயாகவே அறியப்பட்டிருந்த இது, 2012இன் இறுதியில் தெற்கே பண்டிப்பூரில் தலைகாட்டியது. செத்த குரங்குகளைக் கையாண்டவர்கள் சிலருக்கும் தொற்றியது. அடுத்து முதுமலைக் குரங்குகள். 2015இல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல்.

பண்டிப்பூர் சாமராஜநகர் மாவட்டத்தின் ஒரு கோடி என்றால் கோபிநத்தம் அதன் மறுகோடி. காவிரிக் காட்டை ஒட்டிய, தமிழ் பேசும் எல்லையோர ஊர் கோபிநத்தம். மாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் காட்டை நம்பியிருக்கும் ஊர்களில் ஒன்று. இத்தகைய ஓர் ஊருக்குக் காய்ச்சல் வந்தால் தடுப்பூசி எவ்வளவு காப்பாற்றும், எத்தனை நாளைக்கு, என்ன செலவில் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீழே வரும் 1,000 பேர் கணக்கு வசதிக்காக எடுத்துக்கொண்ட எண்; கோபிநத்தத்தின் மக்கள்தொகை அல்ல. எது ஆய்வில் வந்த எண், எது என் எடுகோள் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தொற்றுநோயைக் கணிதமாக்கும் வழக்கத்துக்கு இந்தியத் தொடர்பு உண்டு. கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த மெக்கென்ட்ரிக், கெர்மாக்குடன் சேர்ந்து 1927இல் வெளியிட்ட கட்டுரையில் 1905-06இன் பம்பாய்ப் பிளேக் இறப்புகளைத் தன் சமன்பாட்டோடு பொருத்திக் காட்டினார். மக்களை மூன்றாகப் பிரிப்பது அந்த முறை: தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் அல்லது இறந்தவர். தடுப்பூசி போட்டவர் முதல் பிரிவிலிருந்து நேரே மூன்றாவதற்குப் போகிறார். காப்பு தேயத் தேய முதல் பிரிவுக்கே திரும்பி வருகிறார். கணக்கு சிக்கலாவது இந்தத் திரும்பி வரும் பாதையில்தான்.

ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவும் நோயில் காப்பு தேய்வதன் விளைவு எவ்வளவு விரைவாகத் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு நோயாளி சராசரியாக மூவருக்குப் பரப்பும் நோயை நிறுத்த, ஊரில் மூன்றில் இரண்டு பங்குக்கு, அதாவது 67 விழுக்காட்டினருக்குக் காப்பு வேண்டும். 80 விழுக்காடு பலனுள்ள ஊசியை 90 விழுக்காட்டினர் போட்டுக்கொண்டால் 72 கிடைக்கிறது, நோய் பரவாது. அந்தக் காப்பு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் அடுத்த ஆண்டு 64.8. பதிவேட்டில் 90 விழுக்காடு அப்படியே நிற்கும், ஊர் மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும் தட்டம்மைக்கு வேண்டிய கோடு 92 முதல் 94. இரண்டு தவணையில் 97 விழுக்காடு பலன் தந்து, பல பத்தாண்டுகள் நிற்கும் ஊசி இருப்பதால்தான் அந்தக் கோட்டை எட்ட முடிகிறது.

குரங்குக் காய்ச்சலில் இப்படியொரு கோடே இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவுவதில்லை. வைரஸ் உண்ணியிலும் காட்டு விலங்குகளிலும் சுழல்கிறது, மனிதரோடு முடிந்துபோகிறது. ஊரில் 999 பேர் ஊசி போட்டுக்கொண்டாலும் ஆயிரமாவது ஆளை அது காப்பதில்லை. ஆகவே சமுதாயக் காப்பு என்ற வரவு இந்தப் பேரேட்டில் பூஜ்யம். ஒவ்வொரு உடம்புக்கும் தனிக்கணக்கு.

இந்தக் கணக்குக்கான ஊசி 2022 வரை கர்நாடகத்தில் போடப்பட்டது; கோழிக்கரு உயிரணுக்களில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த வைரஸ். ஒரு மாத இடைவெளியில் இரண்டு தவணை, 6 முதல் 9 மாதத்தில் மூன்றாம் தவணையாகப் பூஸ்டர், அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒன்று. 1994இல் வெளியான ஆய்வு முதல் தவணைக்கு 79, இரண்டுக்கு 94 விழுக்காடு பலன் என்றது. 2005 முதல் 2010 வரையிலான தரவை ஆராய்ந்து 2013இல் வந்த ஆய்வில் இரண்டு தவணைக்கு 62, பூஸ்டரோடு 83. ஒரு தவணைக்குச் சொல்லும்படியான பலனே இல்லை. பிந்தைய எண்களையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆயிரம் பேரும் மூன்று தவணையும் போட்டுக்கொண்டால்:

முதல் 1,000 ஊசி: காப்பு பெற்றவர் 0
இரண்டாம் 1,000 ஊசி: 620
மூன்றாம் 1,000 ஊசி: மேலும் 210

முதல் தவணையோடு நின்றவருக்குப் போட்ட ஊசி முழு நஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆனால் முகாம் அறிக்கையில் அவரும் பயனாளிதான்.

இனி எடுகோள்கள். 70 விழுக்காட்டினர் முதல் தவணைக்கு வருகிறார்கள். அவர்களில் 70 விழுக்காடு இரண்டாவதுக்கு, அதிலும் 60 விழுக்காடு மூன்றாவதுக்கு. 700, 490, 294. மொத்தம் 1,484 ஊசி. காப்பு பெற்றவர் 366. பதிவேட்டில் 700 பேர் இருப்பார்கள்.

அடுத்தது தேய்மானம். ஆண்டுதோறும் போடும் பூஸ்டர் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 30 விழுக்காடு தேய்கிறது என்று வைப்போம். 366 பேர் 256 ஆவார்கள், பிறகு 179, 126, 88, 62. மூன்று தவணை முடித்த 294 பேரை ஐந்து ஆண்டும் தவறாமல் அழைத்து ஊசி போட்டால் ஐந்தாம் ஆண்டில் 62க்குப் பதில் 264 பேருக்குக் காப்பு இருக்கும். கூடுதல் ஊசி 1,470. ஐந்து ஆண்டையும் கூட்டினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 746 ஆள்-ஆண்டுக் காப்பு. ஓர் ஆளை ஓராண்டு காக்க இரண்டு ஊசி.

அதனால் எத்தனை பேர் நோயிலிருந்து தப்புகிறார்கள்? நோய் கண்ட பருவத்தில் 1,000க்கு 10 பேர் விழுகிறார்கள் என்று வைத்தால், 746 ஆள்-ஆண்டுக்கு ஏழரை பேர். ஒரு நோயாளியைத் தவிர்க்க 197 ஊசி.

யார் பையிலிருந்து போகிறது என்பதையும் எழுத வேண்டும். இந்த ஊசி வலி மிகுந்ததாக இருந்தது என்பதும், அதற்காகவே மக்கள் மறுதவணைக்கு வரத் தயங்கினார்கள் என்பதும் பதிவானவை. ஓர் ஊசிக்கு ஒரு நாள் வேலை போகும் என்று வைப்போம். 2024-25இல் கர்நாடகத்துக்கான நூறு நாள் வேலைக் கூலி ரூ.349. 197 ஊசிக்கு ஊரார் இழக்கும் கூலி சுமார் ரூ.68,800. நோயில் விழுந்த ஒருவர் 45 நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் இழப்பு ரூ.15,705. உயிரிழப்பை நான் பணமாக மாற்றவில்லை, மாற்றவும் மாட்டேன். மருத்துவச் செலவையும் சேர்க்கவில்லை. ஆனாலும் அன்றாடக் கூலிக்காரர் முகாமுக்கு வராததை அறியாமை என்று எழுதுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. அவர் கையிலுள்ள கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

கணக்கை மாற்றுவது, ஆபத்து ஊர் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது என்ற உண்மை. ஆயிரத்தில் 200 பேர் அன்றாடம் காட்டுக்குள் போகிறவர்கள், பத்து நோயாளிகளில் எட்டுப் பேர் அவர்களில்தான் என்று கொள்வோம். கூலியை அரசு கொடுத்து அந்த 200 பேருக்கும் மூன்று தவணையும் முடித்தால் 600 ஊசி. 166 பேருக்குக் காப்பு. முதல் பருவத்திலேயே 6.6 நோயாளிகள் குறைவு. ஊர் முழுக்க 1,484 ஊசி போட்ட முகாம் தவிர்த்தது 3.7 பேரை. முழு வருகை என்று வைத்ததால் வந்த வித்தியாசம் என்று யாரும் சொல்லலாம். அந்த 200 பேரும் ஊராரைப் போலவே பாதியில் நின்றுபோனாலும் ஒரு நோயாளிக்கு 102 ஊசிதான் ஆகிறது. ஊர் முகாமில் அது 405.

தொடர்ந்து வரும் ஆண்டுகளில் 200 ஊசி போதும். கூலி ஈடு ஆண்டுக்கு ரூ.69,800, தவிர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் சுமார் ரூ.10,500. இப்போது அது ரூ.15,705ஐவிடக் குறைவு.

எல்லா எண்களிலும் நொய்ந்தது அந்த ஆயிரத்துக்குப் பத்துதான். பல பருவங்களில் ஓர் ஊரில் ஒருவருக்கும் வராது, அடுத்த பருவத்தில் திடீரென்று வரும். குரங்கு சாவதைப் பார்த்துத் தொடங்கலாம் என்றால் காலம் இடம்கொடுப்பதில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. டிசம்பரில் குரங்கு செத்து முதல் ஊசி போட்டால் இரண்டாவதே ஜனவரியில்தான், பூஸ்டர் அடுத்த மழைக்காலத்தில். அதுவரை நம்பக்கூடியது உண்ணியை விரட்டும் டெபா எண்ணெயும், சடலத்தைத் தொடாமல் தகவல் சொல்லும் பழக்கமும்.

மேலே கணக்கில் எடுத்த ஊசியை 2022இல் கர்நாடக அரசு நிறுத்திவிட்டது. பலனும் உரிமமும் கேள்விக்குள்ளாகியிருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய ஊசியை உருவாக்கிவருகிறது. அது வரும்போது நான் முதலில் தேடப்போவது இரண்டு எண்களை: ஒரே தவணையோடு நின்றவருக்கு எவ்வளவு காப்பு, ஓராண்டு கழித்து அதில் எவ்வளவு மீதி. தேய்மானம் ஆண்டுக்கு 30க்குப் பதில் 10 விழுக்காடாக இருந்தால், மேலே போட்ட அதே 366 பேரில் ஐந்தாம் ஆண்டிலும், ஆண்டு பூஸ்டர் ஒன்றுகூடப் போடாமல், 216 பேருக்குக் காப்பு நிற்கும்.