ஜன்னலைச் சாத்துங்கள், எண்ணத் தொடங்குங்கள்

நம் வீட்டுக் கூரையில் போடும் தகரம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 4 கிலோ எடை இருக்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதே ஒரு சதுர மீட்டரில் உண்டாக்கும் அழுத்தம் 24 கிலோ பாரத்துக்குச் சமம். கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் இந்த விசை கீழ்நோக்கி அழுத்துவதில்லை, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். பாலிங், பெண்டாங், கோல மூடா என்று கெடாவின் ஏதாவது ஒரு மூலையில் "புயலில் கூரை பறந்தது" என்ற செய்தி ஆண்டு தவறாமல் வருவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். தகரம் தன் எடையால் கூரையில் நிற்பதில்லை. ஆணியும் ஸ்குரூவும் பிடித்து வைத்திருப்பதால்தான் நிற்கிறது.

மலேசியாவுக்குப் புயல் வராது என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதில் பாதி உண்மை உண்டு. பூமியின் சுழற்சிதான் புயலுக்குச் சுழற்சி தருகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்த விளைவு மிகவும் குறைவு என்பதால் பெரும்புயல்கள் இங்கே உருவாவது அபூர்வம். ஆனாலும் 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஒரு வெப்பமண்டலத் தாழ்வுநிலை பினாங்கையும் கெடாவையும் விடிய விடிய அடித்துத் துவைத்தது. பினாங்கில் மட்டும் ஏழு பேர் இறந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் நம் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவாகி, சுமத்ராவில் பேரழிவை விட்டுச் சென்றது.

இருந்தாலும் கெடாத் தோட்டத்திலோ தாமானிலோ வாழும் ஒருவருக்கு வாழ்நாளில் அதிகமாக வரப்போகும் ஆபத்து பெயர் சூட்டப்பட்ட புயல் அல்ல. பிற்பகலில் அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போகும் இடிமழைக்காற்றுதான் அது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் இது மிகுதி. காலை வெயிலில் தரை சூடேறும். மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். குனோங் ஜெராய் 1,217 மீட்டர் உயரத்துக்கு நின்று அந்தக் காற்றை மேலே தள்ளும். இரண்டு மணி நேரத்தில் மேகம் 15 கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டுவிடும். அந்த மேகத்துக்குள் மழை விழத் தொடங்கியதும் காற்று குளிர்ந்து கனத்து, மொத்தமாகக் கீழே சரியும். தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். வெக்கையாக இருந்த முற்றத்தில் திடீரென்று ஒரு குளிர்காற்று முகத்தில் அடிக்கிறதே, அதுதான் இந்தச் சரிவின் முன்விளிம்பு. துணி எடுக்க ஓடும் நேரம் அதுவே. கொடியில் உள்ளதை விட்டுவிட்டு உள்ளே வர வேண்டிய நேரமும் அதுவே.

இன்னொரு வகை விடியற்காலையில் வரும். சுமத்ராப் பக்கத்திலும் நீரிணையிலும் இரவில் திரளும் மேகங்கள் ஒரே வரிசையாக நகர்ந்து நம் கரையைத் தொடும். பால் வெட்டப் போகிறவர்கள் எழுந்திருக்கும் நேரத்தில், மற்றவர்கள் உறங்கும்போது அது வந்து அடிப்பதால் எச்சரிக்கையாக இருக்க வழி குறைவு.

இனி கூரைக்கு வருவோம். பழைய லயத்து வீடு ஒன்றின் தகரத்தைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஆணி இறங்கிய ஒவ்வொரு இடத்தையும் சுற்றிச் செம்பழுப்பில் ஒரு வளையம் இருக்கும். ஆணித்தலைக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து உதிர்ந்து, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்த தடம் அது. துளை பெரிதாகிக்கொண்டே போகும். ஒருநாள் ஆணியின் தலை துளையைவிடச் சிறியதாகிவிடும். அன்றைக்கு ஆணி மரத்திலேயே இருக்கும், தகரம் மட்டும் கழன்று பறக்கும். சில வீடுகளில் இதற்கு நேர்மாறு: தகரம் நன்றாக இருக்கும், கைமரத்தைச் சுவரோடு பிணைத்தது இரண்டே ஆணிகளாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கூரை சட்டத்தோடு சேர்ந்து தூக்கப்படும். கற்களையும் பழைய டயர்களையும் தகரத்தின் மேல் வைப்பது வழக்கம்தான். ஆனால் அவை மொத்தக் கூரையையும் காப்பாற்றும் எடை அல்ல, பலத்த காற்றில் அவையே உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. ரப்பர் வளையம் வைத்த ஸ்குரூவை, முக்கியமாகக் கூரையின் விளிம்பிலும் முகட்டிலும், நெருக்கமாக அடிப்பதே பலன் தரும். முதலில் பிய்வது எப்போதும் விளிம்புதான்.

காற்று அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகிவிடும், கூரை தப்பிக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில்கூட சுழற்காற்று வரும்போது அப்படிச் செய்யச் சொல்லி நெடுங்காலம் அறிவுரை கூறி, பிறகு அதைக் கைவிட்டார்கள். நடப்பது நேர் எதிரானது. காற்று வரும் பக்கத்தில் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையை அடியிலிருந்து தள்ளும். மேலிருந்து உறிஞ்சுவதும் கீழிருந்து தள்ளுவதும் சேர்ந்தால் கூரை தாங்க வேண்டிய விசை ஏறத்தாழ இரட்டிப்பாகலாம். அடியில் காற்று புகுந்த குடை என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஜன்னலைச் சாத்துங்கள், கதவைத் தாழிடுங்கள். நாக்கோ என்று சொல்லும் அடுக்குக் கண்ணாடி ஜன்னல் முழுதாக மூடாது. அதில் உடைந்த கண்ணாடி இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். புயலின்போது அதன் அருகில் யாரும் இருக்கக்கூடாது.

வீட்டுக்குள் எங்கே இருப்பது? ஜன்னல் இல்லாத, அல்லது சிறிய ஜன்னல் உள்ள, நாலா பக்கமும் சுவர் உள்ள உள்ளறையில். தாமான் வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம் நல்லது. கூரை மட்டும் உள்ள கார் நிறுத்துமிடம் மோசமான இடம். மரத்தடியில் நிற்கும் காருக்குள் இருப்பது அதைவிட மோசம். 2024 செப்டம்பரில் வடமாநிலங்களில் அடித்த பலத்த காற்றில் ஜார்ஜ் டவுனில் ஒரு கார் மேல் மரம் விழுந்து சீனாவிலிருந்து வந்த சுற்றுப்பயணிகள் இருவர் இறந்துபோனார்கள்.

மின்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகில் இடி அதிகம் கேட்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. தகரக் கூரை மின்னலை இழுக்காது, கண்ணாடியைத் துணியால் மூட வேண்டியதும் இல்லை. உயரமும் தனித்து நிற்பதும்தான் மின்னல் விழும் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. வீட்டுக்குள் அது வருவது கம்பி வழியாக. மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, கூரைமேல் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டின் கம்பி, இரும்புக் குழாய் எல்லாமே அதற்கு வழி. எனவே வானம் கறுக்கும்போதே செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். மின்னல் தலைக்கு மேல் வந்தபிறகு செருகியைத் தொடுவது தவறு. அந்நேரத்தில் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம். கம்பியில் மாட்டாத கைப்பேசியில் பேசுவதால் மின்னல் வராது. அஞ்சடியில் நாற்காலி போட்டு மழையை ரசிப்பது நம்மில் பலருக்குப் பிடித்த காரியம். மின்னல் உள்ளபோது அஞ்சடி வீடாகாது.

மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று அறிய எண்ணினால் போதும். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். ஒளி தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஆபத்தான தூரம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகே வெளியே போகலாம்.

எண்ணுவதில் இன்னொரு பயன் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: அது பிள்ளைகளின் பயத்தைத் தணிக்கும். 1985-ல் ஜேம்ஸ் சோர்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடி மேசையின்மேல் விட்டார்கள். பாதி தூரத்தில் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும். மறுமுனையில் தாய். தாய் சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. குழந்தை ஆபத்தைப் பார்ப்பது நம் முகத்தில். கூரை தடதடக்கும்போது பெரியவர்கள் கத்திக்கொண்டு அங்குமிங்கும் ஓடினால், காற்றைவிட அதுதான் குழந்தையின் நெஞ்சில் தங்கும்.

நம் பாட்டிமார்கள் இடி இடித்தால் பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொண்டு "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்வார்கள். அர்ச்சுனனின் பத்துப் பேரையும் வரிசையாகச் சொன்னவர்களும் உண்டு. அது இடியைத் திருப்பாது. ஆனால் வாய்விட்டு நிதானமாகச் சொல்லும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது. மூச்சை நீட்டி விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. மிரண்ட பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலையும் கிடைக்கிறது. இன்றைய பிள்ளையிடம் வினாடிகளை எண்ணச் சொல்லுங்கள், எத்தனை கிலோமீட்டர் என்று அவனே வகுத்துச் சொல்லட்டும். தாத்தா பாட்டி கூட இருந்தால் அர்ச்சுனன் பேரையும் சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டும் சேர்ந்து போகக்கூடியவையே.

வீட்டில் இருப்பது எல்லா நேரமும் சரி என்று சொல்லிவிட முடியாது. மலையடிவாரத்தில் ஆற்றோரம் வீடு இருந்தால் கணக்கு வேறு. 2021 ஆகஸ்ட் 18-ல் ஜெராய் மலையில் பெய்த கனமழை மண்ணையும் மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு யான் வட்டாரத்தில் இறங்கியது. ஆறு பேர் இறந்தார்கள். 2022 ஜூலை 4-ல் பாலிங், கூப்பாங் பகுதியில் இதே போன்ற வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. கெப்பாலா ஆயர் என்று சொல்லும் இந்தத் திடீர் வெள்ளம் வரும்போது உங்கள் வீட்டு வாசலில் மழையே இல்லாமலும் இருக்கலாம். ஆற்று நீர் திடீரென்று கலங்கினால், இலையும் கட்டையும் அடித்து வந்தால், இரைச்சல் மாறினால், பொருளைத் தேடாமல் உடனே மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் என்று தெரியும்போது விடப்படுகிறது. ஒரு முறை விட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. அதைப் பெற, துறையின் மைச்சுவாச்சா செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச், செய்திக்கு பேட்டரி ரேடியோவில் மின்னல் எஃப்எம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னல் அருகிலோ ஓட்டவே கூடாது. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே கொன்றுவிடும். காற்று ஓய்ந்ததும் அறுந்து கிடக்கும் கம்பியை ஒதுக்கப் போகாதீர்கள். டிஎன்பியை 15454-ல் கூப்பிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

தோட்டங்களில் இளையவர்கள் பட்டணம் போய்விட்டார்கள், பழைய வீடுகளில் வயதானவர்களே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களால் ஏணி ஏற முடியாது, ஏறவும் கூடாது. கோயில் நிர்வாகத்தினரும் இளைஞர் மன்றத்தினரும் அடுத்த ஏப்ரலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் நேரத்தில், கூரை வேலை தெரிந்த ஒருவரோடு இந்த வீடுகளுக்குப் போய் விளிம்புத் தகரங்களுக்கு ஸ்குரூ அடித்துக் கொடுங்கள். கூரைமேல் சாய்ந்த கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.